கடவுள் நம்பிக்கை மூளையில் இருக்கிறதா? ஆய்வுகள் எதுவரை வந்திருக்கின்றன

கேள்வி இது: "கடவுள் நம்பிக்கைக்கென்று மூளையில் ஓர் இடமும், உடலில் ஒரு மரபணுவும் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? அப்படியென்றால் மதம் என்பதே மூளை செய்யும் வேலைதானா?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. இல்லை. அப்படி ஓர் இடமும் இல்லை, அப்படி ஒரு மரபணுவும் இல்லை. இந்த இரண்டு கதைகளும் 20, 30 வருடங்களுக்கு முன்னால் பத்திரிகைகளில் பெரிய தலைப்பாக வந்து, வேறு ஆட்கள் கவனமாகச் செய்து பார்த்தபோது நிற்காமல் போனவை. தலைப்பு பரவிய வேகத்தில் மறுப்பு பரவுவதில்லை, அதனால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதோடு விட்டுவிட்டால் இந்தத் துறைக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பெரிய சத்தம் போட்ட ஆய்வுகள் சரிந்த அதே காலத்தில், கிராமங்களுக்கும் குழந்தைகளிடமும் போய்ப் பொறுமையாகச் செய்த ஆய்வுகள் பல நல்ல விஷயங்களைக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியே வேறு மாதிரி தெரியும்.

மரபணுவில் தொடங்கலாம். 2004-ல் டீன் ஹேமர் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். வி.மேட்2 என்ற மரபணு மூளைச் செல்களில் டோபமின், செரடோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிறு பைகளில் அடைத்து வைக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அந்த மரபணுவின் ஒரு வகை உள்ளவர்கள், 'தன்னை மறந்து பெரிதான ஒன்றோடு கலப்பது' பற்றிய கேள்வித்தாளில் சற்று அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்பது அவர் சொன்னது. இந்த முடிவை அவர் சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் ஆய்விதழ் எதிலும் வெளியிடவில்லை, நேராகப் புத்தகமாகவே வந்தது. அதோடு அந்த மரபணு விளக்குவது மிகச் சிறிய பங்குதான், இன்னும் பல மரபணுக்கள் இருக்கும் என்று அவரே சொன்னார். தலைப்பு மட்டும் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு வழியில் தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட் 1979-ல், பிறந்ததுமே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து ஆராயத் தொடங்கினார். அந்தக் குழுவின் 1990-ஆம் ஆண்டுக் கட்டுரை, மத ஈடுபாட்டில் மனிதர்களுக்குள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபு சார்ந்தது என்றது. 2005-ல் லாரா கோனிக்கும் சகாக்களும் செய்த ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. ஆண் இரட்டையர்களிடம் 'சிறுவயதில் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி' என்று இரண்டையும் கேட்டார்கள். சிறுவயது ஈடுபாட்டில் மரபின் பங்கு 12 சதவீதம், வீட்டுச் சூழலின் பங்கு 56 சதவீதம். வளர்ந்த பிறகு மரபு 44 ஆகிறது, வீட்டின் பங்கு 18-க்கு இறங்குகிறது. வீட்டில் இருக்கும்வரை அம்மா அப்பா போகும் இடத்துக்குப் போகிறோம், வெளியே வந்த பிறகு அவரவர் சுபாவம் தலைதூக்குகிறது என்று இதைப் படிக்கலாம்.

இதில் இரண்டு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 44 சதவீதம் என்றால் உங்கள் பக்தியில் 44 சதவீதம் மரபணுவிலிருந்து வந்தது என்று அர்த்தம் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்குள், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. எல்லோரும் கட்டாயமாகக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போக வேண்டிய ஊரில் அதே எண் தரைமட்டமாகிவிடும். இன்னொன்று, இது 'எவ்வளவு ஈடுபாடு' என்பதைப் பற்றியது. 'எந்த மதம்' என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிறந்த வீடும் ஊரும்தான்.

அடுத்து மூளை. மைக்கேல் பெர்சிங்கர் என்பவர் கனடாவின் சட்பரி நகரில் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஹெல்மெட்டைப் பயன்படுத்தி வந்தார். தலையின் இரு பக்கங்களிலும் மிகப் பலவீனமான காந்தப்புலத்தைச் செலுத்தும், உள்ளே இருப்பவர் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்தில் எட்டுப் பேர் 'யாரோ பக்கத்தில் இருப்பதுபோல்' உணர்ந்ததாக அவர் சொல்லிவந்தார். 'கடவுள் ஹெல்மெட்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஸ்வீடனில் பேர் கிரான்க்விஸ்ட் குழு 2005-ல் 89 மாணவர்களை வைத்து அதையே செய்தது. ஒரே வித்தியாசம், காந்தப்புலம் ஓடுகிறதா இல்லையா என்பது உட்கார்ந்தவருக்கும் தெரியாது, சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. முடிவு? ஓடினாலும் ஓடாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. யார் என்ன உணர்வார் என்பதை முன்கூட்டிச் சொன்னது காந்தம் அல்ல, அவர் எவ்வளவு எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படுபவர் என்ற குணம். இருட்டறை, கட்டிய கண், 'ஏதோ நடக்கப்போகிறது' என்ற எதிர்பார்ப்பு, இது மூன்றும் போதும். என்னைக் கேட்டால், தோற்றுப்போன ஆய்வைவிட இந்த மறுப்பு மதத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

மூளை ஸ்கேன்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆண்ட்ரூ நியூபெர்க் தியானத்தில் ஆழ்ந்த பௌத்தர்கள் எட்டுப் பேரையும், பிரார்த்தனை செய்யும் பிரான்சிஸ்கன் சபைக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் சிலரையும் ஸ்கேன் செய்தார். உடலின் எல்லையை உணரவைக்கும் மேற்பகுதியில் செயல்பாடு குறைவதாகச் சொன்னார். 2006-ல் மான்ட்ரியாலில் மரியோ போரகார் 15 கார்மலைட் சபைக் கன்னியாஸ்திரிகளிடம், கடவுளோடு ஒன்றிய அனுபவத்தை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லி எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோது ஒரு இடம் அல்ல, பல இடங்கள் ஒளிர்ந்தன. உணர்ச்சி, கற்பனைக் காட்சி, உடலுணர்வு என்று ஏற்கெனவே நமக்குத் தெரிந்த பகுதிகள்தான். காதலித்தாலும் கணக்குப் போட்டாலும் மூளையில் ஏதாவது ஒளிரத்தான் செய்யும், அது ஒரு கண்டுபிடிப்பு ஆகாது. வலிப்பு நோயாளிகள் சிலருக்கு வலிப்பின்போதே தெய்வீக அனுபவம் வருவது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அந்த நோயாளிகளிலேயே சொற்பம். 'தீர்க்கதரிசிகள் எல்லாம் வலிப்பு நோயாளிகள்' என்று அதிலிருந்து தாவுவது ஆய்வு அல்ல, அரட்டை.

இந்த வரிசையில் நான் கொஞ்சம் மதிக்கும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2010-ல் இத்தாலியில் கோசிமோ உர்ஜெசி குழு, மூளைக் கட்டி அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அந்தத் 'தன்னை மறத்தல்' கேள்வித்தாளைக் கொடுத்தது. மூளையின் மேற்புறப் பின்பகுதியில் வெட்டு நடந்தவர்களுக்கு மதிப்பெண் கூடியது, முன்பகுதியில் நடந்தவர்களுக்குக் கூடவில்லை. ஒரே ஆளின் முன்னும் பின்னும் என்பதால் இதில் கொஞ்சம் கனம் இருக்கிறது. ஆனாலும் கூடியது 'எல்லாம் ஒன்று' என்ற உணர்வுதான். அது ஒரு வழிபாட்டு மரபோ, வேதமோ, நோன்போ அல்ல.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் மதம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் தனி அனுபவம், கதைகள், செத்தபின் என்ன என்ற எண்ணம், சடங்கு, கூட்டம், நல்லது கெட்டது பற்றிய விதிகள், அதிகாரம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேர் வேறு. ஒரே மரபணு, ஒரே மூளைப் பகுதி என்று தேடிய ஆய்வுகள் தோற்றது இதனால்தான். தனித்தனியாகப் பிரித்து எடுத்தவை ஓரளவு நின்றிருக்கின்றன.

மனதின் பக்கம் வருவோம். 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், ஒரு பெட்டி, அவ்வளவுதான், அங்குமிங்கும் நகரும். பார்த்த 34 மாணவிகளில் ஒருவர் மட்டும்தான் 'முக்கோணம் நகர்ந்தது' என்று எழுதினார். மற்றவர்கள் எல்லோரும் பெரியவன் சின்னவனைத் துரத்துகிறான், அவள் பயந்து ஒளிகிறாள் என்று கதையே எழுதிவிட்டார்கள். அசையும் எதிலும் ஒரு எண்ணத்தை, ஓர் ஆளைப் பார்க்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் தெய்வங்கள் வந்தன என்று ஸ்டூவர்ட் கத்ரியும் பிறகு ஜஸ்டின் பாரட்டும் வாதிட்டார்கள். புதர் அசைந்தால் காற்று என்று இருந்தவன் புலிக்கு இரையானான், புலி என்று ஓடியவன் பிழைத்தான், நாம் ஓடியவனின் பிள்ளைகள். இந்தக் கதையை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அழகான கதை, ஆனால் நேரடி ஆதாரம் மெலிந்தது. காட்டில் சத்தம் கேட்டுப் பயந்தவன் 'ஏதோ மிருகம்' என்று நினைப்பதற்கும், பிரபஞ்சத்தைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று வாழ்நாள் முழுக்க நம்புவதற்கும் இடையில் மிகப் பெரிய தூரம்.

அந்தத் தூரத்தை நிரப்புவது பெரும்பாலும் மற்ற மனிதர்கள்தான் என்று ஜோசப் ஹென்ரிக் சொல்கிறார். பெரியவர்கள் வாயால் சொல்வதைவிட, நம்பிக்கைக்காக என்ன செலவழிக்கிறார்கள், எதைத் துறக்கிறார்கள், எப்போது பட்டினி கிடக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள் என்பது அவர் வாதம். வில் ஜெர்வேய்ஸ் குழு அமெரிக்காவில் தேசிய அளவிலான மாதிரியை வைத்து, யார் நாத்திகராகிறார்கள் என்று பார்த்தபோது, அறிவுக்கூர்மையோ பகுத்தறியும் பழக்கமோ முதலிடத்தில் வரவில்லை. வளரும்போது இப்படிப்பட்ட செயல்களைக் கண்ணால் பார்க்காததுதான் வந்தது. இதே ஜெர்வேய்ஸ்தான் 2012-ல், ரோடினின் 'சிந்தனையாளன்' சிலைப் படத்தைப் பார்த்தாலே மக்களின் கடவுள் நம்பிக்கை குறைகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டவர். அது பெரிய ஆய்விதழில் வந்தது. 2017-ல் 900-க்கு மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வேறு வழியில் போனார். இந்தத் துறையில் நான் நம்புவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

குழந்தைகள் பற்றிய ஆய்வுகள் தனிச் சுவை. டெபோரா கெலமென், சில பாறைகள் ஏன் கூர்மையாக இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து அப்படி ஆயின என்ற பதிலை விட, விலங்குகள் அரித்தால் சொறிந்துகொள்வதற்காக என்ற பதிலைப் பிள்ளைகள் விரும்பினார்கள். எல்லாம் எதற்காகவோ இருக்கிறது என்ற இந்த நினைப்பு படிப்பால் ஒழிவதில்லை, மூடி மட்டும் வைக்கப்படுகிறது. நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்திக் கேட்டால் பெரிய பல்கலைக்கழகங்களின் இயற்பியலாளர்களே இப்படிப்பட்ட தவறான விளக்கங்களைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறார்கள். அல்சைமர் நோயாளிகளிடம் அது மறுபடி மேலே வருகிறது.

சாவுக்குப் பின் என்ன என்பதில் ஒரு நல்ல சண்டை நடந்தது. ஜெஸ்ஸி பெரிங் 2004-ல் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார். எலியை முதலை தின்றுவிடுகிறது. செத்த எலிக்கு இனி பசிக்குமா என்றால் பசிக்காது என்கிறார்கள். அம்மாவை நேசிக்குமா என்றால் நேசிக்கும் என்கிறார்கள். வயது ஏற ஏற அந்த 'நேசிக்கும்' குறைந்தது. ஆக, உயிர் தொடர்கிறது என்பது பிறவியிலேயே வரும் எண்ணம், கல்விதான் அதைக் குறைக்கிறது என்றார் பெரிங். பால் ஹாரிஸ் எதிர்த்தார். அவரும் மார்த்தா கிமெனெஸும் ஸ்பெயினில் 7, 11 வயதுப் பிள்ளைகளிடம் ஒரே சாவை இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒன்றில் மருத்துவர் வந்து சொல்கிறார், இன்னொன்றில் பாதிரியார் சொல்கிறார். பாதிரியார் கதையைக் கேட்டவர்கள்தான் 'இன்னும் ஏதோ தொடர்கிறது' என்று அதிகம் சொன்னார்கள், அதிலும் பெரிய பிள்ளைகள். பிறகு ஹாரிஸ் ரீட்டா அஸ்டுட்டியோடு சேர்ந்து மடகாஸ்கரின் வெசோ மீனவ மக்களிடம் போனார். அங்கே சின்னப் பிள்ளைகள் சாவை உடலின் முடிவாகவே புரிந்துகொள்கிறார்கள், முன்னோர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வளர வளரத்தான் வருகிறது. பெரியவர்களிடமே கல்லறைச் சடங்கைச் சொல்லிக் கேட்டால் ஒரு பதில், ஆஸ்பத்திரிப் பிணத்தைச் சொல்லிக் கேட்டால் வேறு பதில். ஒரே ஆள் இரண்டையும் வைத்திருக்கிறார், சந்தர்ப்பம் எதைக் கேட்கிறதோ அதை எடுக்கிறார். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இரட்டை வாழ்க்கையை 1937-லேயே எவன்ஸ்-பிரிட்சர்ட் என்ற மானிடவியலாளர் சூடான் பகுதி அசாண்டே மக்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார். தானியக் களஞ்சியம் இடிந்து நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுகிறது. கறையான் அரித்ததால் விழுந்தது என்று அசாண்டேக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது, ஏன் இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் விழுந்தது என்பது. அந்தக் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் பதில் தற்செயல் என்பதுதான். அவர்களிடம் இருப்பது சூனியம். கறையானைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சமூகப் பக்கம் போனால், 'பெரிய கடவுள்கள்' பற்றிய விவாதம் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான அந்நியர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள்? எல்லாவற்றையும் பார்க்கிற, தப்பு செய்தால் தண்டிக்கிற கடவுள் இருந்ததால்தான் என்றார் அரா நொரென்சயன். 2007-ல் அவரும் அசிம் ஷரிஃபும் ஒரு சோதனை செய்தார்கள். தெய்வம் தொடர்பான சொற்கள் கலந்த வாக்கியங்களை முதலில் ஒழுங்குபடுத்தச் சொன்னால், முகம் தெரியாத ஆளுக்கு 10 டாலரில் சராசரியாக 4.22 டாலர் கொடுத்தார்கள், மற்றவர்கள் 1.84 டாலர்தான் கொடுத்தார்கள். இதுவும் பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்தபோது சரியாக வரவில்லை. அந்தக் கட்டுரையிலேயே போலீஸ், நீதிமன்றம் போன்ற சொற்களைக் கொடுத்தாலும் அதே பலன் இருந்தது என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் 2016-ல் பெஞ்சமின் பர்சிக்கி குழு, ஆய்வகத்தை விட்டுவிட்டு எட்டு வெவ்வேறு சமூகங்களில் 591 பேரிடம் காசு பங்கிடும் விளையாட்டை நடத்தியது. தண்டிக்கிற, எல்லாம் தெரிந்த கடவுளை நம்புபவர்கள், தூரத்தில் இருக்கும் தங்கள் மதத்துக்காரர்களிடம் கூடுதல் நேர்மையாக நடந்துகொண்டார்கள். 'தங்கள் மதத்துக்காரர்களிடம்' என்பதை விட்டுவிடாதீர்கள். எல்லோரிடமும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எது முதலில் வந்தது, பெரிய சமூகமா, பெரிய கடவுளா? 2019-ல் ஹார்வி ஒயிட்ஹவுஸ் குழு 414 சமூகங்களின் வரலாற்றுத் தரவை வைத்து, சமூகம்தான் முதலில், கடவுள் பின்னால்தான் என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. பிரெட் பெஹெய்மும் சகாக்களும் தரவைத் தோண்டிப் பார்த்தார்கள். 'தகவல் இல்லை' என்று இருந்த இடங்களை எல்லாம் 'அப்படிப்பட்ட கடவுள் இல்லை' என்று கணக்கில் எடுத்திருந்தார்கள், அதுவும் தரவின் பாதிக்கு மேல். எழுத்து இல்லாத காலத்தில் மக்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எங்கிருந்து வரும்? 2021-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியர்கள் தரவைச் சரிசெய்து அதே முடிவுக்கு மறுபடி வந்ததாகச் சொல்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

சடங்கு பற்றியவை இந்தத் துறையின் சிறந்த பகுதி, என் பார்வையில். ரிச்சர்ட் சோசிஸ் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டாக வாழத் தொடங்கப்பட்ட 200 குடியிருப்புகளின் ஆயுளைக் கணக்கெடுத்தார். மதம் சார்ந்தவை எந்த ஒரு வருடத்தையும் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு, மதம் சாராதவற்றைவிட நான்கு மடங்கு. பிறகு அவற்றில் 83-ஐ எடுத்து, எவ்வளவு கடுமையான விதிகள் இருந்தன என்று பார்த்தார். புலால் கூடாது, இந்த உடைதான், வெளியாரோடு கடிதம் கூடாது என்பது போன்றவை. விதி கடுமையாக ஆக, மதக் குடியிருப்புகள் நீண்ட நாள் நின்றன. மதம் சாராதவற்றில் அந்தக் கடுமை ஒரு பயனும் தரவில்லை. பாதி நம்பிக்கையோடு வந்தவனைக் கஷ்டம் விரட்டிவிடுகிறது, மிஞ்சுபவர்கள் ஒருவரை ஒருவர் நம்பலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் அதே கஷ்டத்தை 'நம் கொள்கைக்காக' என்று கேட்டால் ஏன் பலிக்கவில்லை, 'கடவுளுக்காக' என்று கேட்டால் ஏன் பலிக்கிறது என்பதற்குச் சோசிஸ் தரும் பதில், புனிதமானதோடு கட்டப்பட்ட விதியை யாரும் லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பதில்லை என்பது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் டிமிட்ரிஸ் சைகலாடஸ். ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற கிராமத்தில் ஜூன் மாத இரவில் தீ மிதிக்கிறார்கள். அவர் குழு மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு அளக்கும் பட்டையைக் கட்டியது. மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே போக்கில், சும்மா நின்று பார்த்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் போனது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி இல்லை. அப்புறம் மொரீஷியஸ் தீவில், அங்குள்ள தமிழர்களின் தைப்பூசக் காவடியில் இன்னொரு ஆய்வு. கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்களுக்கும் காவடி முடித்து வந்தவர்களுக்கும், ஒரு கேள்வித்தாளை நிரப்பியதற்காக 200 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்து, விருப்பமிருந்தால் யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பிரார்த்தனைக்காரர்கள் சராசரியாக 80 ரூபாய் வாக்கில் போட்டார்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130-க்கு மேல். காவடிக்குக் கூடவே நடந்து வந்து பார்த்தவர்கள் இன்னும் அதிகம், 160 வாக்கில். வலி யாருக்கோ, இளகியது கூட வந்தவர்கள் மனமும். இதற்கு எந்த மூளைப் பகுதியைக் காட்டுவீர்கள்? நடப்பது ஒரு மண்டைக்குள் அல்ல, ஒரு கூட்டத்துக்குள். 1912-லேயே சமூகவியலாளர் எமில் டர்க்கைம் கூட்டத்தின் கொந்தளிப்பு என்று எழுதியதற்கு நூறு வருடம் கழித்து ஒரு அளவு கிடைத்தது என்று சொல்லலாம்.

உடல்நலம் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரை 16 வருடம் தொடர்ந்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனவர்களின் மரண விகிதம், போகவே போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. புகை பிடிப்பது, முன்பே இருந்த நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இப்படி. கூடிப் பழகுவதால் கிடைக்கும் ஆதரவு இதில் ஒரு பங்கை விளக்குகிறது. ஆனால் இது அவதானிப்புதான், சோதனை இல்லை. சோதனை என்றால் 2006-ல் வந்த ஹெர்பர்ட் பென்சனின் ஆய்வு. இதய பைபாஸ் நோயாளிகள் 1,802 பேர், ஆறு மருத்துவமனைகள். அவர்களில் சிலருக்காக, முகம் தெரியாத ஆட்கள் பிரார்த்தித்தார்கள். பிரார்த்தனை கிடைத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், கிடைக்காதவர்களில் 51 சதவீதம். இரு கூட்டத்துக்கும் தமக்குக் கிடைக்கிறதா என்று தெரியாது. 'உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறோம்' என்று சொல்லப்பட்டவர்களில் மட்டும் 59 சதவீதம். 'நமக்குப் பிரார்த்தனை தேவைப்படும் அளவுக்கு நிலைமை மோசமா' என்று பயந்திருப்பார்களோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள்.

சரி, உங்கள் இரண்டாம் கேள்வி. மூளையில் நடக்கிறது என்பதால் மதம் பொய்யாகிவிடுமா? ஆகாது. மெய்யாகியும் விடாது. இதை 1902-லேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோ உரைகளில் கிண்டலாகவே சொல்லியிருக்கிறார். புனித பவுலின் தரிசனத்தை மூளையில் ஏற்பட்ட ஒரு கோளாறு என்று சொல்லிக் கதையை முடிப்பவர்களைப் பார்த்து, நாத்திகனின் எண்ணமும் உடலிலிருந்துதானே வருகிறது, அதற்கும் இதே விதியா என்று கேட்டார். ஒரு எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அது சரியா என்பது வேறு கேள்வி. ஆய்வகத்தில் பதில் சொல்லக்கூடியது முதலாவதுக்குத்தான். இந்த ஆய்வாளர்களில் பக்தர்களும் இருக்கிறார்கள், நாத்திகர்களும் இருக்கிறார்கள். பாரட் கிறிஸ்தவர், பெரிங் நாத்திகர், இருவரும் ஏறக்குறைய ஒரே சோதனைகளைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது எல்லா உளவியலுக்கும் பொருந்தும். 2010-ல் ஹென்ரிக்கும் சகாக்களும் காட்டியபடி, முன்னணி உளவியல் ஆய்விதழ்களில் சோதனைக்கு வந்தவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் இருப்பது உலக மக்களில் 12 சதவீதம்தான். மத ஆய்வில் இது இன்னும் மோசம், 'மனித மனம்' என்று எழுதியிருப்பது பல நேரம் அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர் மனம். இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்பதற்கு டான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர் செய்ததைப் பாருங்கள். கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை, மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் மனநோய் உள்ளவர்கள் தலா 20 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தோடு சேர்ந்து நடந்தது. அமெரிக்கர்கள் தங்கள் குரல்களை நோயின் பெயர் சொல்லித்தான் விவரித்தார்கள், வன்முறை நிறைந்த குரல்கள், அனுபவம் பெரும்பாலும் நல்லதாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்ராவில் 16 பேர் கடவுளின் குரலைக் காதால் கேட்டதாகச் சொன்னார்கள், பலருக்கு அது நல்லதாகவே இருந்தது. சென்னையில் 11 பேருக்குக் கேட்டது குடும்பத்து ஆட்களின், உறவினர்களின் குரல். வேலை சொல்லும், திட்டும், புத்தி சொல்லும். மூன்று ஊரிலும் நோய் அதே நோய். மாதிரி சிறியதுதான், ஆனால் குரலோடு நோயாளிக்கு இருக்கும் உறவை மாற்றினால் துன்பம் குறையுமா என்று மருத்துவர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கும் வழிக்கு இது நேராகப் பொருந்துகிறது.